சூரியகாந்தி மேட்டில் உன் அக்கா

தம்பி,

கல் கட்டுகிற மேசன் பாஸை வருகிற வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருக்கிறாய். அதற்குள் இந்தக் கடிதம் அம்பிட்டியவில் உன் வீட்டுக்கு வந்து சேர்ந்துவிட வேண்டும் என்று காலையிலேயே கதிரையை வாசல் வெளிச்சத்துக்கு இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். போனில் சொல்லலாம்தான். ஆனால் நான் மூச்சை இழுத்து விடுவதற்குள் நீ "அப்பா, ஆபீஸ்ல இருக்கேன், அப்புறம் எடுக்கிறேன்" என்பாய். எனக்கும் அதுவே சாக்காகிவிடும். சாக்குக் கிடைத்தால் விடுகிற ஆள் இல்லை உன் அப்பன். இதைப் படித்து முடிக்கும்போது அது உனக்கே தெரியும்.

போன ஞாயிற்றுக்கிழமை நீயும் மருமகளும் வந்து, அம்மாவின் வருடத் திவசத்துக்கு முன்னால் சமாதிக்குக் கல் கட்டிவிட வேண்டும் என்று போனில் படம் காட்டினீர்கள். கறுப்புக் கல், பொன் எழுத்து. மேலே அம்மாவின் பெயர். அதற்குக் கீழே கொஞ்சம் சின்ன எழுத்தில் உன் அக்கா வசந்தியின் பெயர். "ரெண்டு பேரும் பக்கத்துல பக்கத்துலதானே இருக்காங்கப்பா, ஒரே கல்லா வச்சிருவோம்" என்றாய். நான் தேத்தண்ணிக் கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன். "மாமாவுக்கு மனசு தாங்கல, விடுங்க" என்று மருமகள் உன்னிடம் சொன்னது காதில் விழுந்தது. தாங்காதது உண்மைதான். ஆனால் அந்தப் பிள்ளை நினைத்த காரணம் அல்ல.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். அம்மாவுக்குப் பக்கத்தில் உன் அக்கா இல்லை. அவள் அந்த மயான மேட்டில் எந்த இடத்தில் இருக்கிறாள் என்று எனக்குத் தெரியாது. நீ கைக்குழந்தையாக இருந்த காலத்தில் இருந்தே தெரியாது. தெரியும் என்று உன் அம்மாவிடம் வாழ்நாள் முழுக்கச் சொன்னேன். அம்மாவைப் புதைத்த அன்று உன்னிடமும் சொன்னேன். இரண்டுமே பொய்.

வசந்தியை நீ பார்த்ததில்லை. நீ பிறப்பதற்கு இரண்டு வருடம் முன்பே போய்விட்டாள். மூன்று வயது முடியவில்லை. ஒரு போட்டோகூட இல்லை. எடுக்க வேண்டும் என்று எங்களுக்குத் தோன்றவும் இல்லை. உன்னைப் போலவே மேடு நெற்றி. கோபம் வந்தால் கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, யாரும் தேடாவிட்டால் "நான் இங்கதான் இருக்கேன்" என்று அவளே கத்துவாள். காய்ச்சல் வந்த மூன்றாம் நாள், டவுனுக்குக் கொண்டுபோகத் தேயிலைத் தோட்டத்து லொறிக்குக் காத்திருந்தபோது, அம்மாவின் மடியிலேயே முடிந்துவிட்டது. லொறி வந்ததும் சாரதி இறங்கி எட்டிப் பார்த்துவிட்டு, திரும்பிப் போய் எஞ்சினை நிறுத்தினான். அவன்மேல் எனக்குக் கோபம் இல்லை. அன்றைக்கு யார்மேலும் கோபப்படுகிற அளவுக்கு எனக்குப் புத்தி வேலை செய்யவில்லை.

நான்தான் அவளைக் கையில் ஏந்திக்கொண்டு மேட்டுக்குப் போனேன். உன் பெரிய மாமா, அம்மாவின் அண்ணன், மம்பட்டியோடு முன்னால் நடந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. நம் தோட்டத்தில் பெரிய ஆட்களுக்கு வசதிப்பட்டால் சிமெந்து பூசுவார்கள். சின்னப் பிள்ளைகளுக்குக் கல் வைக்கிற வழக்கம் கிடையாது, தலைமாட்டில் பச்சைக் குச்சி ஒன்று நடுவதோடு சரி. மாமா கீழே வேலியில் இருந்து காட்டுச் சூரியகாந்தியில் ஒரு கொப்பை ஒடித்துக்கொண்டு வந்தார். அந்தச் செடியைப் பற்றி உனக்கு நான் சொல்லத் தேவையில்லை. தெல்தோட்டை பஸ்ஸில் வரும்போது ரோட்டுக்கு இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு மேல் மஞ்சள் மஞ்சளாகப் பூத்து நிற்கிறதே, அதுதான். ஏதோ ஒரு தூர தேசத்து மலையில் இருந்து வெள்ளைக்காரத் துரைமார் கொண்டுவந்து, வேலிக்கும் பச்சை உரத்துக்குமென்று வைத்ததாகச் சொல்வார்கள். "அதுவும் நம்மளப் போலத்தான், எங்க போட்டாலும் பொழைச்சுக்கும்" என்று யூனியன் ஆட்கள் மேடையில் பேசுவார்கள். எனக்கு அந்தப் பேச்சைக் கேட்டாலே பற்றிக்கொண்டு வரும். பிழைத்தவன் மேடையில் நின்று பேசுகிறான். பிழைக்காதவர்கள் மேட்டில்தான் கிடக்கிறார்கள். மாமா குச்சியை ஊன்றி, காலால் மண்ணை மிதித்து இறுக்கிவிட்டு, "இது சாவாது மாப்ள. எப்ப வந்தாலும் எடம் தெரியும்" என்றார். பாதி உண்மை. அது சாகவில்லை. அதுதான் வினையாகப் போனது.

நம் ஆட்களில் பெண்கள் மயானத்துக்கு வருவதில்லை. ஏன் என்று நான் கேட்டதில்லை. என் அப்பனும் கேட்டிருக்க மாட்டான். பத்து மாதம் சுமந்தவளை லயத்து வரிசை வீட்டு வாசலோடு நிறுத்திவிட்டு நாங்கள் இரண்டு ஆம்பளைகள் போய்க் காரியத்தை முடித்துவிட்டு வந்தோம். நான் குளித்துவிட்டு ஈரத் துணியோடு நின்றபோது உன் அம்மா கேட்ட முதல் கேள்வி, "எந்த எடத்துல வச்சீங்க?" என்பதுதான். "மேட்டுக்கு நடுவுல. சூரியகாந்திக் குச்சி ஒண்ணு நட்டிருக்கோம்" என்றேன். "ஒத்தையாவா வச்சீங்க? பக்கத்துல ஆரும் இருக்காங்களா?" என்றாள். நான் ஈரத் துணியைப் பிழியத் திரும்பிக்கொண்டேன்.

அவள் தேயிலைக் கொழுந்து எடுத்த ஏழாம் நம்பர் மலை, மேட்டுக்கு நேர் எதிரே, ஓடைக்கு இந்தப் பக்கம். மறு வருடம் தீபாவளிக்குப் பிறகு ஒரு நாள் நிறைக் கூடையோடு லயத்துக்கு ஓடி வந்தாள். கொழுந்தை நிறுக்கக்கூடப் போகவில்லை. "ஏங்க, பூத்துருக்குங்க! நம்ம புள்ள எடம் பூத்துருக்கு!" என்றாள். ஒரு வருடத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவள் சிரித்துப் பார்த்தேன். என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் ஓடைக்கரையில் நிறுத்தி, "அதுதானே? அதுதானே?" என்றாள். அதுதான். அப்போது மேட்டில் வேறு சூரியகாந்தி கிடையாது. புல்லுக்கு நடுவில் ஒற்றைச் செடி, உச்சியில் நாலைந்து பூ. அன்றிலிருந்து தினமும் மலையேறும்போது கூடைக் கயிற்றைத் தலையில் மாட்டிக்கொண்டு, அந்தப் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் முதல் கொழுந்தைக் கிள்ளுவாள். பிந்தி வருகிறாள் என்று கணக்கப்பிள்ளை திட்டுவார். அவள் கேட்கவே மாட்டாள்.

நீ பிறந்து தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் என்னைக் கங்காணி ஆக்கினார்கள். அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்களே, அது நான்தான். பன்னிரண்டு ஆட்களுக்கு மேல் ஆளாக நின்று கத்துவதில் அப்படி ஒரு சுகம். ஒரு நாள், காலையில் வேலை பிரித்துக் கொடுக்கிற பெரட்டில் சின்னத் துரை, புதுக் கன்று மலைக்குப் பச்சை உரம் போட வேண்டும், மயானப் பக்கம் முழுக்க இருக்கிற சூரியகாந்தியை வெட்டிக் கொண்டுவரச் சொன்னார். நானும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். கீழ் வேலியில் ஆரம்பித்து மேடு வரைக்கும் ஆளுக்கொரு நிரை பிரித்துக் கொடுத்தேன். "ஒண்ணு விடாம வெட்டுங்கடா! ஒரு கொப்பு நிக்கக் கூடாது!" என்று கத்தினேன். என் வாயால்தான் கத்தினேன் தம்பி. அவர்களும் ஒன்று விடாமல் வெட்டினார்கள். வசந்தியின் செடியை எவன் வெட்டினான் என்றுகூட நான் பார்க்கவில்லை. கட்டுக் கட்டாகத் தூக்கிக்கொண்டு போய்த் தேயிலைக் கன்றுகளுக்கு நடுவில் பரப்பினோம். தூக்க முடியாத தண்டுகளை மேட்டிலேயே வீசிவிட்டு வந்தோம்.

துரைக்குப் பயந்து செய்தேன் என்றோ, மனசைக் கல்லாக்கிக்கொண்டு செய்தேன் என்றோ சொன்னால் கொஞ்சம் மரியாதையாக இருக்கும். அப்படி இல்லை. அந்த நாள் முழுக்க எனக்கு என் பிள்ளையின் நினைப்பே வரவில்லை. அதைத்தான் இன்று வரைக்கும் என்னால் விழுங்க முடியவில்லை. பொழுது சாயும்போது வீட்டுக்கு வந்து காலைக் கழுவினேன். அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, "இன்னைக்கு ஒங்க ஆளுகளுக்கு எந்தப் பக்கம் வேலை?" என்று சும்மா கேட்டாள். அப்போதுதான் பிள்ளையின் செடி நினைவுக்கு வந்தது. "பத்தாம் நம்பர்ல" என்றேன். மறுநாள் மலையில் இருந்து அவள் பார்க்காமல் இருப்பாளா? பார்த்துவிட்டு வந்து அழுதாள். "ஆரு வெட்டுனது? ஒங்களுக்குத் தெரியாதா?" என்றாள். "வேற கங்காணி ஆளுக. விடு, அடிக்கட்டை இருக்கு, தளைக்கும்" என்றேன்.

நானும் அப்படித்தான் நம்பினேன். மூன்று வாரம் கழித்து மேட்டுக்குப் போனேன். நல்ல மழை பெய்திருந்தது. வீசிவிட்டு வந்த தண்டு ஒவ்வொன்றும் கிடந்த இடத்திலேயே வேர்விட்டுத் துளிர்த்திருந்தது. இருபதா முப்பதா, எண்ணவில்லை. எது அடிக்கட்டை, எது வீசிய தண்டு என்று கையால் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தேன். குழி மேட்டை முன்பே மழை கரைத்துச் சமமாக்கிவிட்டிருந்தது. நடுவில் இருந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டு இதுதான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு ஓடைக்கரையில் அம்மாவை நிறுத்தி, விரல் நீட்டி, "அந்தா, தளைச்சிருச்சு பாரு" என்றேன். அவள் சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு கும்பிட்டாள். அதற்குப் பிறகு எத்தனை வருடம் கும்பிட்டாளோ, அத்தனையும் நான் விரல் காட்டிய இடத்துக்கு.

உனக்கு ஏழெட்டு வயது இருக்கும்போது உன்னை ஒரு தடவை கன்னத்தில் அறைந்தேன், ஞாபகம் இருக்கிறதா? மறந்திருக்க மாட்டாய். பள்ளிக்கூடம் விட்டு வருகிற வழியில் மேட்டில் ஏறி, இரண்டு கை நிறைய மஞ்சள் பூ பறித்துக்கொண்டு வந்து அம்மாவிடம் கொடுத்தாய். மகரந்தம் உன் வெள்ளைச் சட்டை முழுக்க ஒட்டியிருந்தது. "அம்மா, அங்க எக்கச்சக்கமா இருக்கு. எல்லாம் ஒரே மாதிரி. இதுல எது அக்கா?" என்று கேட்டாய். நீ கேட்டது சரியான கேள்வி. தோட்டத்திலேயே அதைக் கேட்ட ஒரே ஆள் நீதான். நான் எழுந்து வந்து விட்ட அறையில் உன் உதடு கிழிந்து ரத்தம் வந்தது. "அவருக்குப் புள்ள நெனப்பு வந்துருச்சுடா, அதான்" என்று அம்மா உன்னைச் சமாதானம் செய்தாள். என் குட்டு உடைந்துவிடுமோ என்ற பயத்தில் உன்னை அடித்தேன். அவளோ அதைப் பாசம் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தாள். அந்த அடிக்கு இன்றைக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன். மற்றதற்குக் கேட்கிற யோக்கியதை எனக்கு இல்லை.

கண்டி பெரியாஸ்பத்திரியில் அம்மா படுத்திருந்த அந்தக் கடைசி மாதம், நீ மருந்து வாங்கக் கீழே போயிருந்த ஒரு நேரம், என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, "நான் ஒங்ககிட்ட ஒண்ணும் கேட்டதில்ல" என்றாள். உண்மைதான். "என்னைய அவ பக்கத்துல போட்டுருங்க. எடங்கையில படுத்தா எனக்கு மூச்சு முட்டும். வலது பக்கம் அவ இருக்கற மாதிரி பார்த்துப் போடுங்க" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. "எடம் தெரியுமில்ல?" என்று மறுபடி கேட்டாள். "தெரியும்" என்றேன். ஒரு பொய் தம்பி, அவ்வளவுதான், அதற்குமேல் ஒன்றும் சொல்லத் தேவைப்படவில்லை. அவள் முகம் அப்படியே தெளிந்துபோனது. அன்றைக்குக் கஞ்சியும் குடித்தாள்.

புதைக்கிற அன்று இளந்தாரிகள் மம்பட்டியோடு மேட்டில் நின்றுகொண்டு, "எங்க மாமா வெட்டறது?" என்று கேட்டார்கள். மேடு முழுக்கப் பூ. நான் அதிகம் யோசிக்கவில்லை. நின்ற இடத்தில் இருந்து ஒரு செடியைக் காட்டினேன். அவர்கள் வெட்டிக் கீழே போகப் போக, ஏதாவது தட்டுப்பட்டுவிடக் கூடாதே என்று பயந்தேன். தட்டுப்பட்டுவிட வேண்டுமே என்றும் சாமியை வேண்டினேன். வெறும் செம்மண்தான் வந்தது. நீ பக்கத்தில் வந்து, "அக்கா எந்தப் பக்கம்பா?" என்றாய். "வலது பக்கம்" என்றேன். நீ அம்மாவுக்கு மூன்று பிடி மண் போட்டுவிட்டு, திரும்பி அந்த வலது பக்கத்துக்கும் ஒரு பிடி போட்டு, குனிந்து மண்ணைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தேம்பினாய். அங்கே யாரும் இல்லை. நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இந்த ஒரு வருடத்தில் ஒன்றும் செய்யாமல் இருந்தேன் என்று நினைக்காதே. பெரிய மாமாவைப் பார்க்க மடுல்கெல்லவுக்குப் போனேன். மகள் வீட்டில் கட்டிலோடு கிடக்கிறார். என்னைக் கண்டதும் "வாங்க மாப்ள" என்று எழுந்து உட்காரப் பார்த்தார். பழைய பெரட்டுக் கதையெல்லாம் பேசினார். நல்ல நிதானமாக இருக்கிறாரே என்று, "மாமா, நம்ம வசந்தியை எங்க வச்சோம்? ஏதாவது அடையாளம் இருக்கா?" என்று கேட்டேன். என்னை உற்றுப் பார்த்தார். "எந்தப் புள்ள?" என்றார். அவர் மகள் கொண்டுவந்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு பஸ் ஏறினேன். பிறகு இரண்டு தடவை மம்பட்டியைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கும் போனேன். எங்கே என்று தோண்டுவது? அது ஊர்ப் பிணம் எல்லாம் கிடக்கிற இடம். ஒரு முழம் தோண்டிவிட்டு மறுபடி மண்ணைத் தள்ளி மூடினேன். கீழே போன ஒருத்தன், "என்னா கங்காணி, ஆருக்குக் குழி வெட்டுறீங்க?" என்று கேட்டான். "எனக்குத்தான்டா" என்றேன். அவன் சிரித்துவிட்டுப் போனான்.

தலைக்குமேல் வெள்ளம் போனபிறகு சாண் என்ன முழம் என்ன, அப்படியே கல்லைக் கட்டட்டும் என்றுதான் ஞாயிற்றுக்கிழமை வரைக்கும் இருந்தேன். செடியைக் காட்டிச் சொன்ன பொய் வேறு. கல்லில் வெட்டுகிற பொய் வேறு. மருமகளுக்கு இப்போது ஆறு மாதம். நாளைக்கு உன் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து, "இதுதான் உன் அத்தை" என்று அந்தப் பொன் எழுத்தைத் தடவிக் காட்டுவாய். நான் செத்த பிறகும் என் விரல் நீண்டுகொண்டே இருக்கும். அதனால்தான் இந்தக் கடிதம்.

அப்பன் என்ற முறையில் புத்தி சொல்ல எனக்கு என்ன இருக்கிறது? ஊருக்கு உபதேசம் செய்கிற நிலையிலா இருக்கிறேன்? இரண்டே இரண்டு சொல்கிறேன், எடுத்தால் எடு. தெரியாததைத் தெரியாது என்று பெண்டாட்டியிடம் சொல்லப் பழகு. முதல் நாள் சொன்னால் ஒரு சண்டையோடு போகும். இரண்டாவது, உன் வீட்டில் நல்லதோ கெட்டதோ எது நடந்தாலும், வழக்கம் கிழக்கம் என்று சொல்லி அவளை வாசலோடு நிறுத்தாதே. கூட்டிக்கொண்டு போ. ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசட்டும். உன் அம்மா அன்றைக்கு என்னோடு மேட்டுக்கு வந்திருந்தால், எத்தனை செடி முளைத்திருந்தாலும், கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்த இடத்துக்கு நடந்துபோயிருப்பாள். நான் ஒருத்தன் மறந்ததால் ஒரு பிள்ளை கிடக்கிற இடமே இல்லாமல் போனது.

மேசன் பாஸிடம் கல்லில் ஒரு பெயர் போதும் என்று சொல்லிவிடு. அம்மாவின் பெயர் மட்டும். ஏன் என்று அவர் கேட்டால் அப்பா சொன்னார் என்று சொல். மருமகளிடம் எல்லாவற்றையும் சொல், மறைக்காதே. திவசத்துக்கு நீ வராவிட்டாலும் நான் ஒன்றும் நினைக்க மாட்டேன். அம்மாவுக்காக வா, என் முகத்தைப் பார்க்காமல் போ.

இன்னும் ஒன்று இருக்கிறது. அம்மாவுக்கு வலது பக்கம் ஓர் ஆள் அளவுக்கு இடம் காலியாகக் கிடக்கிறது. எனக்கு நாள் வரும்போது ஊர்க்காரர்கள், புருசன் பெண்டாட்டி பக்கத்தில் பக்கத்தில் என்று சொல்லி என்னை அங்கேதான் போடப் பார்ப்பார்கள். நீ விடாதே. மேட்டில் வேறு எங்கேயாவது, ஓரமாகப் போடு. அது உன் அம்மா பிள்ளைக்கென்று கேட்டு வாங்கிக்கொண்ட பக்கம். இருட்டில் பிள்ளை என்று அவள் கையை நீட்டினால், அந்தக் கை என்மேல் படக் கூடாது.

அப்பா